ஜுபைர் பாயின் தத்துவ வகுப்பு

“பாய்! ஏழு தலைதான் கீது. பத்து இல்லேன்னா ஹாலைப் பூட்டிடுவேன். அப்பால என்னைக் கேக்கக் கூடாது.”

மாடிப்படி உச்சியில் நின்றுகொண்டு வெள்ளத்துரை சாவிக்கொத்தை ஆட்டினார். அவர் படகு இன்ஜின் மெக்கானிக்குகள் சங்கக் கட்டடத்தின் காவலாளி. பத்துப் பேருக்குக் குறைந்தால் ஃபேன் போடக் கூடாது என்பது சங்கச் செயலாளரின் உத்தரவு. போதாததற்கு, அதே ஹாலை அதே நேரத்துக்கு அழகுக்கலைப் பயிற்சிக்காரர்கள் வேறு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டு நிமிசம் குடு வெள்ளத்துரை. இதோ புடிச்சுகினு வரேன்” என்று கீழே தெருவிலிருந்து குரல் கொடுத்தார் ஜுபைர்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாப்பில் ஒரே ஒரு ஆள் நின்றிருந்தார். ஜுபைர் அவரிடம் போய்ப் பல்லைக் காட்டினார்.

“அண்ணே, ஒரு மணி நேரம் ஃப்ரீயா? மேல ஃபேன் கீது, டீ கீது, பிஸ்கட் கீது.”

“இன்னா கூட்டம்? கட்சியா?”

“கட்சி இல்லண்ணே.”

“மதமா?”

“அய்யய்யோ, அதுவும் இல்ல. தத்துவம்.”

“அப்ப எதுக்கு பிஸ்கட்?” என்று சந்தேகமாகக் கேட்ட அந்த ஆள், வெயிலைப் பார்க்காமல் அடுத்த ஸ்டாப்புக்கே நடந்து போய்விட்டார்.

ஜுபைருக்குத் தத்துவத்தின் மேல் அப்படி என்ன ஆசை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவருக்கு ஆசை இருந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தின் மேல்தான். வாரம் முழுக்கத் தார்ப்பாய்க் கடையில் நின்று, மணலி லாரிகளின் புகையைக் குடித்து, டிரைவர்களோடு கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போகும். ஞாயிறு மட்டும் மத்தியானம் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, பாயை விரித்துப் படுத்தால், சாயங்கால அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்லும்வரை அசையமாட்டார். அந்தத் தூக்கத்தைத்தான் இப்போது மூன்று மணி வெயிலில் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஹென்றி சாருக்காக.

ரம்ஜான் முடிந்த சில நாட்களில், ராயபுரம் மீன் மார்க்கெட்டில் வவ்வால் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, ஜுபைரின் நெஞ்சு மேல் யாரோ கன்டெய்னர் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியது போல இருந்தது. அப்படியே சரிந்தார். கூட்டம் சுற்றி நின்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னது. ஒருத்தர் சோடா என்றார். ஒருத்தர் இரும்பைக் கையில் கொடு என்றார்.

அப்போது, “விலகுங்க! காத்து விடுங்க!” என்று ஒரு குரல் வந்தது. மார்க்கெட் முழுக்கக் கேட்ட குரல். கூட்டம் தானாகப் பிளந்தது. நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு மனிதர் குனிந்து, சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, நாடி பார்த்து, ஆட்டோவைக் கூப்பிட்டு, ஜுபைரைக் குழந்தை போல அள்ளி ஏற்றி, ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு விரட்டச் சொன்னார்.

வழியில் பாலத்துக்குக் கீழே லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. ஜுபைருக்குக் கண் இருட்டியது.

“ஜுபைர், இங்க பாருங்க” என்றார் அந்த மனிதர். பெயரை எப்போது கேட்டுத் தெரிந்துகொண்டாரோ தெரியாது. “டிராஃபிக் உங்க கையில இல்ல. ஹார்ட்டும் இப்ப உங்க கையில இல்ல. இந்த ஒரு மூச்சு இருக்கே, இது மட்டும்தான் உங்களுது. இதை மெதுவா இழுங்க. மெதுவா விடுங்க. அடுத்ததை அப்புறம் பாத்துக்கலாம்.”

ஜுபைர் அந்த ஒரு மூச்சைப் பிடித்துக்கொண்டார். அதை விட்டு அடுத்ததைப் பிடித்தார். அப்படியே ஆஸ்பத்திரி வந்துவிட்டது.

இதயக்குழாயில் ஸ்டென்ட் வைத்துப் படுத்திருந்த ஜுபைர், பார்க்க வந்த அந்த மனிதரிடம், “நீங்க இன்னா சார் வேலை பாக்குறீங்க?” என்று கேட்டார்.

“வாத்தியாரா இருந்தேன். அரக்கோணம் பக்கம். ரிடையர் ஆயிட்டேன். வீட்டுக்காரிக்கு ராயபுரம். அதான் இங்க வந்துட்டோம்.”

“அன்னிக்கு ஆட்டோல சொன்னீங்களே, அது தத்துவம்தானே சார்?”

ஹென்றி சார் சிரித்தார். “அப்படியும் வெச்சுக்கலாம்.”

அதோடு ஜுபைர் முடிவு பண்ணிவிட்டார். தத்துவப் பேராசிரியர்.

உடம்பு தேறியதும் மனைவி இஷ்ரத்தோடு சார் வீட்டுக்குப் போனார். கைக்கடிகாரம் கொடுத்தார், சார் வாங்கவில்லை. பேன்ட் துணி கொடுத்தார், வாங்கவில்லை. “மனுஷனுக்கு மனுஷன் செய்யறதுதானே ஜுபைர்” என்று எல்லாவற்றையும் திருப்பித் தள்ளினார். வாங்கிய கடனை அடைக்க முடியாத ஆள் போல ஜுபைர் தவித்தார். ஒரு உயிரை வாங்கிக்கொண்டு சும்மா எப்படி எழுந்து போவது?

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

“சார், உங்க தத்துவம்தான் என்னைக் காப்பாத்திச்சு. இத்த நாலு பேரு கேக்கணும் சார். நான் ஹால் புடிக்கிறேன். ஆளு கூட்டிகினு வரேன். ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை நீங்க கிளாஸ் எடுக்கணும்.”

ஹென்றி சார் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். கண்கள் பெரிதாயின. பக்கத்தில் நின்ற அவர் மனைவி பிலோமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சார் அவர் கையை மெல்லத் தொட்டார்.

“உங்களுக்கு அவ்ளோ ஆசையா ஜுபைர்?”

“ஆசையாவா? அது நடக்கலேன்னா எனக்குத் தூக்கமே வராது சார்.”

சார் வெகுநேரம் ஜுபைரின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். “சரி” என்றார். குரல் கம்மியிருந்தது.

தெருவுக்கு வந்ததும் ஜுபைர் மனைவியிடம் சொன்னார்: “பாத்தியா இஷ்ரத்? மனுசனுக்கு வாய் வரல. பாடம் எடுக்காம எத்தினி நாள் ஏங்கிக் கெடந்தாரோ, பாவம்.”

அப்படித் தொடங்கியதுதான் இந்த வகுப்பு. மேலே உட்கார்ந்திருந்த ஏழு பேரில் கடை வேலையாள் டில்லிபாபு, ‘இன்னைக்கு ஓவர்டைம்’ என்று சொல்லி வரவழைக்கப்பட்டவன். கடையில் பங்கு வைத்திருந்த மச்சினன் யாசின், ‘வியாபார வளர்ச்சிக் கூட்டம்’ என்று நம்பி வந்தவன். மற்றவர்கள் ஃபேனுக்காக வந்தவர்கள்.

இன்னும் மூன்று பேருக்கு எங்கே போவது? சந்து முனையில் தண்ணீர்க் குழாயடியில் ஞானசெல்வியின் குரல் கேட்டது. அவள் சண்டை போட்டால் எதிராளி குடத்தை விட்டுவிட்டு ஓடிவிடுவான் என்று பெயர்.

“ஞானசெல்வி, மேல ஒரு கிளாஸ் நடக்குது. எப்படிப் பேசி ஜெயிக்கறதுன்னு சொல்லித் தராங்க.”

“எனக்கா? எனக்கே கிளாஸா?” என்று இடுப்பில் கை வைத்தவள், என்ன தோன்றியதோ, குடத்தை அங்கேயே வைத்துவிட்டுத் தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு படியேறினாள். ஒன்பது. “டீக்கு நான் இருந்தே ஆவணும், என்னியும் சேத்துக்கோ” என்று வெள்ளத்துரை கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். பத்து. ஃபேன் சுற்றியது.

முதலில் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார் ஹென்றி சார். கையைத் தூக்கி, மூச்சை இழுத்து விடச் சொன்னார். பிறகு கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“தத்துவம்னா பயப்படாதீங்க. மூணே கேள்விதான். ஒண்ணு, உண்மையில என்ன இருக்கு? ரெண்டு, அது நமக்கு எப்படித் தெரியும்? மூணு, தெரிஞ்சுக்கிட்டு எப்படி வாழணும்? இந்த மூணுக்கும் உலகத்துல ஆளாளுக்கு ஒரு பதில் சொன்னாங்க. ஒரே மாதிரி பதில் சொன்னவங்க ஒரு கூட்டமா சேர்ந்தாங்க. அதுக்குத்தான் பள்ளின்னு பேரு.”

கிரேக்க தேசத்து ஸ்டோயிக்குகளிலிருந்து தொடங்கினார். உன் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரி. கையில் இல்லாததற்காக அழாதே, கத்தாதே. ஜுபைர் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை ஆட்டியபடியே, கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு தூங்கினார்.

முடிந்ததும் சார் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். “அடுத்த வாரமும் இவங்க எல்லாரும் வருவாங்களா ஜுபைர்?” என்றார். கைக்குட்டை மறுபடியும் நெற்றிக்குப் போனது.

“நான் இருக்கறப்ப இன்னா சார் கவலை? ஒரு தலை கொறையாது” என்று ஜுபைர் வாக்குக் கொடுத்தார்.

அந்த வாரமே மழை பிடித்தது. ஜுபைர் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பியபோது, எண்ணூருக்கு அனுப்ப வேண்டிய புதுத் தார்ப்பாய்களெல்லாம் நடைபாதையில் குளித்துக்கொண்டிருந்தன. டில்லிபாபு கடைக்குள் ஸ்டூலில் அமைதியாக உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“டேய்! உள்ள எடுத்துப் போடக் கூடாதா?”

“மழை நம்ம கையில இல்ல பாய்.”

“தார்ப்பாய் உன் கையிலதானடா இருந்துச்சு!”

“கத்தாத பாய். கோவம் ஒண்டிதான் உன் கையில கீது. அத்த அடக்கு.”

ஜுபைருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. பயந்துபோய் ஒரு மூச்சை இழுத்தார், மெதுவாக விட்டார். சுருக்கு போய்விட்டது. சாரை மனசுக்குள் கும்பிட்டார். ஆனால் தார்ப்பாய் நனைந்தது நனைந்ததுதான்.

சாரிடம் போய் வாகாகச் சொல்லிப் பார்த்தார். “சார், பாடம் ஷோக்கா இருந்துச்சு. ஆனா பசங்க ரொம்ப அடங்கிட்டானுங்க. கொஞ்சம் மூளையை வேலை வாங்கற மாதிரி வேற பள்ளி கீதா?”

சாரின் முகம் வெளுத்தது. “வேற பள்ளியா? ஒரு வாரம் டைம் குடுங்க” என்றார்.

அடுத்த வாரம் ஐயவாதம் வந்தது. எதையும் விசாரிக்காமல் நம்பாதே. கண் ஏமாற்றும், காது ஏமாற்றும். உறுதியாகத் தெரியாதவரை முடிவு சொல்லாதே. டில்லிபாபு கண் கொட்டாமல் கேட்டான்.

திங்கட்கிழமை ஒரு லாரி டிரைவர் வந்து, “இது ஒரு மழைக்காலம் தாங்குமாப்பா?” என்று கேட்டார்.

“தாங்கும்னு தோணுது. ஆனா நமக்கு அப்படித் தோணறதால அது தாங்கும்னு சொல்ல முடியாது” என்றான் டில்லிபாபு.

“அப்ப தாங்காதா?”

“அதையும் சொல்ல முடியாது.”

டிரைவர் ஜுபைரைப் பார்த்தார். “இன்னா பாய், புதுசா பேஜாரு பண்ணிகினு கீறான்? சரக்கு ஒழுங்கான சரக்குதானே?” என்றவர், பதிலுக்குக் காத்திராமல் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

ஜுபைர் மறுபடியும் சார் வீட்டுக் கதவைத் தட்டினார். பிலோமி கதவைத் திறந்து, ‘வந்துட்டியா’ என்பது போல் ஒரு பார்வை பார்த்தார்.

“சார், சந்தேகம் போதும். கொஞ்சம் சந்தோஷமா ஒரு பள்ளி?”

“ஒரு வாரம் டைம்” என்றார் சார். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

அந்த வாரம் இன்பவாதம். நம் ஊரிலேயே பழங்காலத்தில் உலகாயதர்கள் இருந்தார்கள். கண்ணால் காண்பதுதான் உண்மை, வாழ்வதற்கு இருப்பது இந்த ஒரு வாழ்க்கைதான் என்றார்கள். கிரேக்கத்தில் எபிகூரியர்கள் என்று ஒரு கூட்டம். “இன்பம்னா மூக்கு முட்டத் தின்னறது இல்ல. உடம்புல வலி இல்லாம, மனசுல பயம் இல்லாம இருக்கறதுதான் இன்பம்” என்று சார் அழுத்திச் சொன்னார்.

மறுநாள் மணலிக்கு லோடு ஏற்ற வேண்டிய யாசின், மடித்து அடுக்கிய தார்ப்பாய்களின் மேல் மல்லாந்து படுத்திருந்தான்.

“டேய் யாசின், லாரி வெயிட் பண்ணிகினு கீது.”

“மச்சான், லோடு தூக்கினா இடுப்பு வலிக்குது. வலி இல்லாம இருக்கறதுதான் இன்பம்னு சாரு சொன்னாரா இல்லியா?”

“வேலை செய்யாதேன்னு சொன்னாரா?”

“அதுக்குத்தான் பயப்படக் கூடாதுன்னு சொன்னாரு” என்று யாசின் திரும்பிப் படுத்தான்.

ஜுபைரே லோடு ஏற்றப் போக, இஷ்ரத் பார்த்துவிட்டாள். தெருவென்றும் பார்க்காமல் கத்தினாள். “ஆபரேசன் பண்ண ஒடம்பை வெச்சுகினு மூட்டை தூக்கறீங்களா? உங்க சாரு உசுரைக் குடுத்தாரு. அவரு பாடம் உசுரை எடுக்குது!”

“அப்படிச் சொல்லாத இஷ்ரத். நான் இன்னைக்கு உன்னாண்ட திட்டு வாங்கறேனே, அதுவே அவரு குடுத்ததுதான்.”

இஷ்ரத் அவரிடமிருந்து மூட்டையைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். அன்று அவளே டில்லிபாபுவை விரட்டி லோடு ஏற்றினாள்.

எல்லாரும் இஷ்டத்துக்கு வளைக்காதபடி கறாராக ஒரு பாடம் வேண்டும் என்று ஜுபைர் யோசித்தார். “சார், சட்டதிட்டமா ஒண்ணு கீதா?” என்று கேட்டார். ஒரு வாரம் டைம். நியாயப் பள்ளி வந்தது. ஒன்றைச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். உதாரணம் காட்ட வேண்டும். அதை இங்கே பொருத்தி முடிவுக்கு வர வேண்டும். படிப்படியாகப் போனால் யாராலும் மறுக்க முடியாது. ஞானசெல்வி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். ஜுபைர் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. இங்கே நிஜமாகவே பேசி ஜெயிக்கச் சொல்லித் தந்தார்கள்.

அந்த வாரம் தண்ணி லாரி வரவில்லை. விடிந்ததும் ஜுபைர் வீட்டு வாசலில் குடங்களோடு ஒரு வரிசை. முன்னால் ஞானசெல்வி.

“இந்த வூட்ல தண்ணி கீது” என்று ஆரம்பித்தாள். “ஏன்னா மோட்டர் சத்தம் கேட்டுச்சு. எங்கெல்லாம் மோட்டர் சத்தம் கேக்குதோ அங்கெல்லாம் தண்ணி கீது, முனை ஓட்டல் மாதிரி. இங்கயும் சத்தம் கேட்டுச்சு. அதனால இங்கயும் தண்ணி கீது. கதவைத் தொற.”

இஷ்ரத் தாழ்ப்பாளில் கை வைத்தாள். இதற்கு முன்னால் ஞானசெல்வி கத்தியிருக்கிறாள், இஷ்ரத்தும் பதிலுக்குக் கத்தியிருக்கிறாள். இப்போது ஞானசெல்வி கத்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. கதவு திறந்தது.

அடுத்தவர் கஷ்டத்தையும் நினைக்கச் சொல்லும் பாடமாகப் பார்த்து எடுங்கள் என்று ஜுபைர் கெஞ்சினார். பயன்வாதம் வந்தது. எதைச் செய்தால் அதிகம் பேருக்கு அதிக நன்மையோ அதுவே சரி. மறுநாள் ஞானசெல்வி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள், இஷ்ரத்தைப் பார்த்தாள். “நாங்க இத்தினி பேரு. நீ ஒரு ஆளு. கணக்கு நேரா கீது” என்றாள். அதற்கப்புறம் மோட்டார் காலையும் மாலையும் ஓடியது.

ஆனால் ஒன்று. வரிசையில் நிற்பவர்கள் ஜுபைரைப் பார்த்ததும் “நெஞ்சு எப்படி கீது பாய்?” என்று கேட்காமல் போகமாட்டார்கள். எல்லாருக்கும் மீன் மார்க்கெட் கதை தெரிந்துவிட்டது. வீட்டில் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் இஷ்ரத்துக்கு வந்தது. இஷ்ரத் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். இத்தனை வருஷமாக அந்தச் சந்தில் குடியிருந்தும் பாதிப்பேரின் பெயர் தனக்குத் தெரியாதிருந்தது ஜுபைருக்கே அப்போதுதான் உறைத்தது.

வகுப்புக்கு இப்போது ஆள் பிடிக்க வேண்டியதில்லை. விம்கோ நகரிலிருந்து வந்தார்கள். எம்.கே.பி. நகரிலிருந்து ஒரு குடும்பம் வந்து, புத்தர் சொன்னதையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டது. சார் ஒரு வாரம் டைம் வாங்கி, அதையும் எடுத்தார். எல்லாம் மாறிக்கொண்டே இருக்கிறது. இழந்ததையே பிடித்துத் தொங்கினால் துன்பம்தான் மிஞ்சும். தன் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை நினைத்து ஜுபைர் பெருமூச்சு விட்டார். அந்த ஒரு பாடம் மட்டும் அவருக்கு முழுசாகப் புரிந்தது.

கடைசியில் இருத்தலியல். உன்னை யாரும் முன்கூட்டியே செய்து வைக்கவில்லை, நீ எதைத் தேர்ந்தெடுக்கிறாயோ அதுதான் நீ, பொறுப்பும் உன்னுடையதுதான்.

“பாய், நான் யோசிச்சேன்” என்றான் டில்லிபாபு மறுநாள். “வேலைக்கு வரதா வேணாமான்னு தெனம் காலையில நானேதான் முடிவு பண்ணிகினு கீறேன். இத்தினி நாள் இது எனக்குத் தெரியவே இல்ல.”

“இப்ப இன்னா முடிவு?” என்றார் ஜுபைர் பயத்தோடு.

“இன்னைக்கு வந்துட்டேன். நாளைக்கு நாளைக்குத்தான் தெரியும்.”

அன்று இரவுச் சாப்பாட்டில் ஜுபைர் உடைந்துபோனார். “முடியல இஷ்ரத். கடை போச்சு, தூக்கம் போச்சு. ஆனா சார் மொகத்தைப் பாத்தா நிறுத்துங்கன்னு சொல்ல வாய் வரல. அந்த மனுசன் உசுரே அந்தக் கிளாஸ்லதான் கீது.”

இஷ்ரத் யோசித்தாள். “மரியாதையா முடிச்சு வுடுங்க. ஒரு பாராட்டு விழா வைங்க. சால்வை போத்தி, பிரியாணி போட்டு, ‘எல்லாப் பள்ளியும் முடிஞ்சிருச்சு, இனிமே ரெஸ்ட் எடுங்க சார்’னு சொல்லிடுங்க. அவருக்கும் மனசு நெறையும், உங்களுக்கும் தூக்கம் வரும்.”

ஜுபைருக்கு உயிர் வந்தது. அடுத்த ஞாயிறே விழா. சங்க ஹால் நிரம்பிப் படிக்கட்டு வரை ஆட்கள். கடற்காற்று மணலிப் பக்கத்து வாடையைத் தள்ளிவிட்டு பிரியாணி வாசத்தைத் தெருவெல்லாம் கொண்டுபோனது. டில்லிபாபு தானே தேர்ந்தெடுத்து விடியற்காலையிலேயே வந்து நாற்காலி போட்டிருந்தான். யாசின் இடுப்பு வலியோடு பிரியாணி தேக்சாவைத் தூக்கி வந்தான். ஞானசெல்வி, சார் ஏன் நல்லவர் என்பதைக் காரண காரியத்தோடு நிரூபித்துப் பேச, கைதட்டல் அடங்கவில்லை.

சால்வையோடு ஹென்றி சார் எழுந்தார். மைக்கைத் தள்ளி வைத்தார். அவருக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை.

“ரிடையர் ஆனப்புறம் காலையில எதுக்கு எழுந்திருக்கறதுன்னே எனக்குத் தெரியல” என்றார். “ஊரும் புதுசு. பேச ஆள் இல்ல. ஒருநாள் மீன் வாங்கப் போனேன். அங்க கெடச்ச மனுஷன் என்னை உக்காரவே விடல. என் வாழ்க்கையில நான் இப்படிப் படிச்சதே கிடையாது. ரோட்டுல போனா இப்ப பத்துப் பேர் நிறுத்திக் கேள்வி கேக்கறாங்க. ஜுபைர், நான்தான் உங்களைக் காப்பாத்தினேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கீங்க. அது பாதிதான். மீதி எனக்குத்தான் தெரியும்.”

சால்வையைச் சரிசெய்துகொண்டார். இரண்டு கையையும் கூப்பினார்.

ஜுபைருக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆட்டோவில் தன்னைத் தாங்கிய கைகள் அவை. இந்த மனிதரையா வீட்டுக்கு அனுப்பப் பார்த்தோம்? தாவி மேடையேறினார். இஷ்ரத் முன்வரிசையிலிருந்து கண்ணால் ஜாடை காட்டினாள். அவருக்கு அது தெரியவில்லை.

“இது முடிவு இல்லீங்கோ!” என்று கத்தினார். “ஞாயித்துக்கிழமை பத்தல. இனிமே புதன்கிழமையும் சார் கிளாஸ் எடுப்பாரு! முதல்லேர்ந்து எல்லாப் பள்ளியும் இன்னொரு வாட்டி!”

ஹால் அதிர்ந்தது. இஷ்ரத் தலையில் கை வைத்தாள். ஹென்றி சார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

பந்தி நடக்கும்போது தேக்சா பக்கத்தில் நின்ற ஜுபைரின் சட்டையை யாரோ இழுத்தார்கள். பிலோமி. கண்கள் கலங்கியிருந்தன.

“தம்பி, உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன். இந்தப் புதன்கிழமை ஒண்டி வேணாம்.”

“இன்னாம்மா இப்படிச் சொல்றீங்க? சாருக்குப் பாடம் எடுக்கறதுன்னா உசுராச்சே!”

“அவருக்கா? உனக்குத்தான உசுரு?”

“எனக்கா? எனக்கு ஒரு எழுத்து புரியலம்மா. கண்ணைத் தொறந்து வெச்சுகினு தூங்கறேன். சாருக்காகத்தான் இத்தினியும்!”

பிலோமி அவரையே பார்த்தார். பிறகு மேடையில் சால்வையோடு சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தார். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று ஜுபைருக்குத் தெரியவில்லை.

“வேற ஊர்ல கீற பழைய ஸ்டூடன்ட்டுங்களுக்கெல்லாம் போன் போட்டு, வாராவாரம் புஸ்தகம் வரவழைச்சு, விடியக்காலையில எழுந்து படிச்சுகினு கீறாரு தம்பி. ‘ஆசையா கேட்டுட்டான், முடியாதுன்னு எப்படி பிலோமி சொல்றது’ன்னு என் வாயை அடைச்சுட்டாரு.”

“எதுக்கும்மா படிக்கணும்? அவரு தத்துவப் பேராசிரியராச்சே?”

“எவன் சொன்னான்? பள்ளிக்கூடத்து கிரவுண்டுல விசில் ஊதி, பசங்களை ஓட வுட்டுகினு இருந்த பி.டி. மாஸ்டர் தம்பி அவரு!”